பால் கொடுத்தால் தானாக இளைத்துவிடும் என்றார்களே?

கேள்வி, ஜனவரி 9

பையனுக்கு ஏழு மாதம் முடியப்போகிறது. கர்ப்பமாவதற்கு முன் 58 கிலோ இருந்தேன், இன்று காலை 67. தாய்ப்பால்தான் கொடுக்கிறேன், திட உணவு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம். பால் கொடுத்தால் எல்லாம் தானாக இறங்கிவிடும் என்று சொல்லாத ஆளில்லை. எனக்கு மட்டும் ஏன் இறங்கவில்லை? அலமாரியில் இருக்கிற பழைய துணி ஒன்றுகூடப் போட முடியவில்லை. குளிக்கும்போது விளக்கை அணைத்துவிட்டுத்தான் குளிக்கிறேன். இது எப்போது போகும், யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

என் மகளுக்கு நான்கு வயது. அவளுக்கு ஏழு மாதமானபோது நான் கர்ப்பத்துக்கு முந்தின எடையைவிட 11 கிலோ அதிகமாக இருந்தேன், அதனால் தெரிந்தே பேசுகிறேன்.

பால் கொடுத்தால் இளைக்கும் என்பது பாதி உண்மை. தாய்ப்பால் மட்டுமே குடிக்கிற குழந்தைக்குப் பால் சுரக்க உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி செலவழிக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 500-ஐச் செலவழிக்கிற உடம்பேதான் பசியையும் கூட்டிவிடுகிறது. இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுத்து முடித்ததும் வயிற்றைக் கிள்ளிக்கொண்டு ஒரு பசி வருமே, அது வயதுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு தடவைகூட வராத பசி. கை நடுங்கும். அப்போது கிடைத்ததைச் சாப்பிட்டதற்காகப் பல நாள் காலையில் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். அது பேராசை இல்லை, உடம்பு கேட்ட கூலி என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. என் தங்கைக்குப் பால் கொடுத்தே ஐந்து மாதத்தில் எல்லாம் இறங்கிவிட்டது. ஒரே அம்மாவின் வயிற்றில் பிறந்தவர்கள்தான் நாங்கள் இரண்டு பேரும்.

என் கணக்கு இது. கர்ப்பத்துக்கு முன் 54. பிரசவத்துக்குப் போகும்போது 68. அது ஒன்றும் அதிகமில்லை. சராசரி எடையுள்ள பெண்ணுக்குக் கர்ப்பத்தில் 11.5-லிருந்து 16 கிலோ வரை ஏறலாம் என்பது அமெரிக்காவில் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டல், பல நாட்டு மருத்துவர்களும் அதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். பிரசவம் ஆனதும் ஐந்து ஆறு கிலோ போகும். குழந்தை ஒரு மூன்று கிலோ, நஞ்சுக்கொடி அரைக் கிலோவுக்கு மேல், பனிக்குட நீர் கிட்டத்தட்ட ஒரு கிலோ, கொஞ்சம் இரத்தம். அடுத்த ஒரு வாரம் உடம்பில் தேங்கியிருந்த நீர் வியர்வையாகவும் சிறுநீராகவும் போகும், இரவெல்லாம் நைட்டி நனைந்து போகும். அத்தோடு வேகமான பகுதி முடிந்தது. மிச்சம் எல்லாம் மெதுவாகத்தான்.

மூன்றாவது மாதம் நான் 57-க்கு வந்துவிட்டேன். ஏழாவது மாதம் 65. ஏன் இறங்கி மறுபடி ஏறியது என்பது தனிக் கதை, அப்புறம் எழுதுகிறேன்.

ஜனவரி 10

வயிற்றைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. பிரசவம் முடிந்த பிறகும் ஆறு மாதக் கர்ப்பிணி மாதிரி வயிறு இருக்கும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும்போது போட்டுக்கொள்ள, கர்ப்பத்துக்கு முன் போட்ட ஜீன்ஸை ஆசையாக மடித்துப் பையில் எடுத்துப் போயிருந்தேன். முட்டிக்கு மேல் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக் கழிப்பறையில், தையல் வலியோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த ஜீன்ஸை ஒவ்வொரு காலாகக் கழற்றினேன். அழுதேன். வெளியே அவர் கதவைத் தட்டி "என்னம்மா, வலிக்குதா?" என்றார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கருப்பைக்குச் சாதாரண நாளில் எடை 60, 70 கிராம்தான். பிரசவ நேரத்தில் அதுவே ஒரு கிலோ. குழந்தை வெளியே வந்ததும் அதன் மேல் விளிம்பு தொப்புள் மட்டத்தில் நிற்கும், பிறகு நாளுக்கு ஒரு விரல் அளவு கீழே இறங்கும். ஒரு மாதத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும்.

ஜனவரி 10, மாலை

ஒரு மாதம் என்று எழுதியது தப்பு. சுமார் ஆறு வாரம். பத்துப் பதினான்கு நாளில் மேலிருந்து தொட்டால் தட்டுப்படாத அளவு இடுப்புக்குள் இறங்கிவிடும், அதையும் இதையும் குழப்பிவிட்டேன். உங்களுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டதால் இந்தக் கணக்கு வேண்டாம், ஆனால் இதைப் படிக்கிற யாராவது பிரசவம் ஆன மூன்றாவது நாள் கண்ணாடி முன் நின்றுகொண்டிருக்கலாம்.

ஜனவரி 14

எடை வேறு, வயிறு வேறு. இது எனக்கு ரொம்பத் தாமதமாகத் தெரிந்த விஷயம்.

வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு பட்டைத் தசை ஓடுகிறது. அவற்றை நடுக்கோட்டில் ஒரு சவ்வு சேர்த்துப் பிடித்திருக்கிறது. குழந்தை வளர வளர அந்தச் சவ்வு அகன்று மெலிகிறது. கடைசி மாதத்தில் இது கிட்டத்தட்ட எல்லாப் பெண்களுக்கும் நடக்கும், நோய் இல்லை. பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்குச் சீக்கிரம் சேரும், சிலருக்குச் சேராது. நார்வேயில் முதல் குழந்தை பெற்ற 300 பெண்களைப் பார்த்து 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள்: ஆறு வாரத்தில் 60 சதவீதம் பேருக்கு இடைவெளி இருந்தது, ஒரு வருஷம் கழித்தும் மூன்றில் ஒருவருக்கு இருந்தது. மூன்றில் ஒருவர்! இதைத்தான் "தொப்பை போட்டுட்டே" என்று சொல்கிறார்கள். பலருக்கு அந்தத் தொப்பை கொழுப்பு மட்டும் இல்லை, பிடிமானம் தளர்ந்த தசையும்தான்.

பார்ப்பது இப்படி. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கிக்கொள்ளுங்கள். தொப்புளுக்கு ஓர் அங்குலம் மேலே விரல்களைக் குறுக்காக வையுங்கள். தலையையும் தோளையும் கொஞ்சம் தூக்குங்கள். இரண்டு பக்கமும் தசை விறைத்துக்கொள்ளும், நடுவில் விரல் இறங்கும். இரண்டு விரல் அளவுக்கு மேல் இருந்தால் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்ப்பது நல்லது. எனக்கு மூன்றரை விரல். விரல் உள்ளே இறங்கிய அந்த நிமிஷம் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன், என் உடம்புக்குள்ளேயே ஒரு கதவு திறந்து கிடந்த மாதிரி.

அதற்கு முன் இரண்டு மாதம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? தினமும் 50 சிட்-அப். ஒவ்வொரு தடவை எழும்போதும் வயிற்றின் நடுவில் கூரை முகடு மாதிரி ஒரு மேடு எழும்பும். கொழுப்பு இறுகுகிறது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே இருக்கிற அழுத்தம் அந்த மெலிந்த சவ்வைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு மூச்சு விடத்தான் கற்றுக்கொடுத்தார். மூச்சை வெளியே விடும்போது சிறுநீரை அடக்குவதுபோல இடுப்புத்தளத் தசையை மேலே இழுத்து, அடிவயிற்றை மெல்ல உள்ளே வாங்கவேண்டும். அவ்வளவுதான். பார்க்க ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். நான்கு மாதத்தில் மூன்றரை விரல் ஒன்றரை ஆயிற்று, தும்மினால் கசிகிற தொல்லையும் அதோடு நின்றது. எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. ஆனால் அந்த ஜீன்ஸ் இடுப்புவரை ஏறியது.

ஜனவரி 15

சிட்-அப் செய்தாலே ஆபத்தா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. வயிறு கூரை மாதிரி எழும்பாமல் செய்ய முடிகிற நாள் வந்தால் செய்யலாம். எனக்கு அந்த நாள் வருவதற்கு முன்பே ஆரம்பித்ததுதான் தப்பு. சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

ஜனவரி 21

பெல்ட், க்ரீம் இரண்டையும் பற்றிக் கேட்கிறார்கள். பெல்ட் கட்டினால் முதுகுக்குத் தெம்பாக இருக்கும், சிசேரியன் தையலுக்கு இதம். கொழுப்பைக் கரைக்காது. க்ரீம் விஷயத்தில், ஸ்ட்ரெச் மார்க் வராமல் தடுக்கப் பூசுகிற எதற்கும் நல்ல ஆதாரம் இல்லை என்றுதான் 2012-இல் காக்ரேன் குழு ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்துச் சொன்னது. தோலின் மேல்பரப்பில் பூசுகிறோம், கிழிந்தது அதற்கு அடியில் உள்ள அடுக்கு. சிவப்பும் ஊதாவுமாக இருப்பது ஒன்றிரண்டு வருஷத்தில் தானே வெளுக்கும். வாசனை பிடித்திருந்தால் பூசிக்கொள்ளுங்கள், கை நம் வயிற்றைத் தொடவாவது ஒரு சாக்கு.

ஜனவரி 28

செருப்பு. இதை யாரும் பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன். பிரசவத்துக்கு அப்புறம் என் செருப்பு எல்லாமே சிறிதாகிவிட்டது. வீக்கம் என்று நினைத்து ஒரு வருஷம் காத்திருந்தேன். அமெரிக்காவில் 49 கர்ப்பிணிகளின் பாதத்தை முதலிலும் பிரசவத்துக்குப் பல மாதம் கழித்தும் அளந்து 2013-இல் வெளியிட்டிருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பாதம் நீண்டிருந்தது, உள்வளைவு தாழ்ந்திருந்தது. இது நிரந்தரம் போலத்தான் தெரிகிறது என்கிறார்கள்.

படித்ததும் அழுத்தம் ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. பாதத்தைப் பட்டினி போட்டு இளைக்கவைக்க யாரும் சொல்ல மாட்டார்கள். அரை அளவு பெரிய செருப்பு வாங்கினேன், அந்த விஷயம் முடிந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். "இளைத்ததும் போடலாம்" என்று வைத்திருந்த துணி பதினேழு இருந்தது. தினமும் காலையில் அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் பதினேழு துணியும் என்னைப் பார்த்து இன்னும் இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, அன்றைய உடம்புக்குச் சரியாக இருக்கிற மாதிரி மூன்று சட்டை, இரண்டு பேன்ட் வாங்கினேன். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, பால் கொடுக்க வசதி. இடுப்பில் எலாஸ்டிக் சிவப்புக் கோடு போடாமல் ஒரு முழு நாள் போனால் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

பழைய துணி ஒன்றும் போட முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். புதிது வாங்குங்கள். இரண்டு போதும். இளைத்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று தள்ளிப்போடாதீர்கள்.

பிப்ரவரி 3

"முடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது அக்கா" என்று எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பத்தில் உதிராமல் நின்ற முடி, பிரசவம் ஆன இரண்டு மூன்று மாதத்தில் சேர்ந்து உதிர ஆரம்பிக்கும். நான்காவது மாதம் உச்சம். ஒரு வயதுக்குள் பெரும்பாலும் பழையபடி அடர்ந்துவிடும்.

ஆனால் இதில் குழந்தைக்கு ஓர் ஆபத்து உண்டு. உதிர்ந்த முடி குழந்தையின் கால் விரலிலோ கை விரலிலோ சுற்றிக்கொண்டு இறுக்கிவிடும். என் மகள் நான்கு மாதத்தில் ஒரு சாயங்காலம் வீரிட்டு அழுதாள். பால், டயப்பர், காய்ச்சல் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் காலுறையைக் கழற்றினால் இரண்டாவது விரல் செக்கச்செவேலென்று வீங்கியிருக்கிறது, அடியில் நூல் மாதிரி ஒரு பள்ளம். என் முடி. அவர் வெளிச்சம் காட்ட, நான் கண்புருவம் எடுக்கிற சிறிய இடுக்கியால் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன். சுற்றுச் சுற்றாக வந்தது, மூன்று சுற்று. காரணமில்லாமல் குழந்தை அழுதால் விரல்களைப் பாருங்கள். பிரிக்க வரவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள், காத்திருக்கக் கூடாது.

தலைப்பை விட்டு எங்கேயோ போய்விட்டேன். பரவாயில்லை, இது இங்கே இருக்கட்டும்.

பிப்ரவரி 11

மூன்றாவது மாதம் 57-க்கு வந்ததைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன்.

அந்த மாதம் என்னைப் பார்த்த எல்லோரும் பாராட்டினார்கள். "குழந்தை பெத்த மாதிரியே தெரியலையே!" என்று ஒரு விசேஷத்தில் அத்தை ஒருவர் என் இடுப்பைத் தொட்டுப் பார்த்துச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதே நாட்களில் படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், காது வரைக்கும் கேட்கும். குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. கை விரல் நடுங்கும். கோபம் கோபமாக வரும். புதுத் தாய்க்கு எல்லாம் இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இளைத்துக்கொண்டிருக்கும்போது யார் போய் மருத்துவரைப் பார்ப்பார்கள்?

ஐந்தாவது மாதத்துக்கு மேல் அப்படியே தலைகீழ். குளிர், மலச்சிக்கல், படிக்கட்டு ஏறினால் கால் கனக்கும், எடை ஏறிக்கொண்டே போகும். முதலில் பார்த்த மருத்துவர் நாற்காலியில் இருந்து எழாமலேயே "சாப்பாட்டைக் குறையுங்கள், நடங்கள்" என்றார். இரண்டாவதாகப் பார்த்தவர்தான் இரத்தம் எடுக்கச் சொன்னார். டிஎஸ்எச் ஏறியிருந்தது, அதாவது தைராய்டைத் தூண்டுகிற ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும். பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி. நூறு பெண்களில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு வரும். முதல் சில மாதம் தைராய்டு ஹார்மோன் அளவுக்கு மீறிக் கொட்டும், இளைப்போம், படபடக்கும். நான்கு முதல் எட்டு மாதத்தில் வற்றிப்போகும், வீங்குவோம், சோர்வோம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்று ஒன்றரை வருஷத்தில் சரியாகிவிடும், சிலருக்குத் தங்கிவிடும். எனக்குப் பதினாலு மாதம் மாத்திரை, பிறகு நிறுத்தினார்கள். பால் கொடுத்துக்கொண்டே அந்த மாத்திரை சாப்பிடலாம்.

என் உடம்பு நோயில் இருந்த வாரங்களில்தான் எனக்கு அவ்வளவு பாராட்டும் கிடைத்தது. இன்றைக்கும் யாராவது புதுத் தாயைப் பார்த்து "இளைச்சிட்டியே, சூப்பர்" என்று சொல்ல வாயெடுத்தால் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. தூங்குகிறாயா என்று கேளுங்கள். முதலில் அதைக் கேளுங்கள்.

உங்களுக்கு ஏழு எட்டு மாதம், எடை இறங்கவில்லை, முடி கொட்டுகிறது, சோர்வு. எனக்கு இது அச்சு அசலாக என் கதை மாதிரியே தெரிகிறது. தைராய்டு பாருங்கள். இந்த வாரமே.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதைப் படித்தால் என் 11 கிலோவும் தைராய்டால் வந்தது போலத் தோன்றுகிறது. இல்லை. தைராய்டு குறைவால் மட்டும் ஏறுவது பொதுவாக இரண்டு முதல் ஐந்து கிலோ, அதிலும் நிறைய உப்பும் நீரும். மிச்சம் என் தூக்கமில்லாத இரவுகளும், இரண்டு மணிப் பசியும், உட்கார்ந்த இடத்திலேயே கழிந்த பகல்களும்.

தூக்கத்தைச் சும்மா சொல்லவில்லை. 940 தாய்மாரைப் பின்தொடர்ந்து 2008-இல் வந்த ஆய்வில், குழந்தைக்கு ஆறு மாதமாகும்போது நாளுக்கு ஐந்து மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஒரு வருஷத்தில் ஐந்து கிலோவுக்கு மேல் தங்கிப்போகும் வாய்ப்பு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிடத் தெளிவாக அதிகம். வீட்டில் இருக்கிறவர்கள் "ஜிம் போ" என்று சொல்வதைவிட, ஒரு வேளைக் குழந்தையை வாங்கிக்கொண்டு "போய்ப் படு" என்று சொன்னால் புண்ணியம்.

குறைக்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. பால் நன்றாகச் சுரக்க ஆரம்பித்த பிறகு வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் குறைத்தால் குழந்தையின் வளர்ச்சி பாதிப்பதில்லை என்று பார்த்திருக்கிறார்கள். பட்டினி மட்டும் வேண்டாம். நான் சிட்-அப் செய்த அந்த இரண்டு மாதம் இரவுச் சாப்பாட்டையும் விட்டேன், மூன்றாம் நாளே தலை சுற்றிக் குழந்தையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 25

கணவரிடம் எப்படி இருந்தீர்கள் என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தார்.

ஒரு வருஷம் அவர் முன்னால் உடை மாற்றவில்லை. அவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை, ஆனாலும். ஒரு நாள் அவர் கை என் வயிற்றில் பட்டதும் தட்டிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்றார். நான் என்னை வெறுப்பதை, நான் அவரை வெறுப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். தோல் உள்ளங்கையில் பிடித்தால் மாவு மாதிரி இருக்கிறது, எனக்கே தொடப் பிடிக்கவில்லை என்று. அவர் சமாதானமாக எதுவும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டார். அது எனக்குப் போதுமாக இருந்தது. பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து வறட்சியும் வலியும் இருக்கும், அது மனசு மட்டும் செய்கிற வேலை இல்லை. கூச்சப்படாமல் மருத்துவரிடம் கேட்கலாம்.

மார்ச் 2

என் மகளுக்கு அந்த வயிறு ரொம்பப் பிடிக்கும். பால் குடித்துக்கொண்டே குதிகாலால் என் வயிற்றை மிதித்து மிதித்துத் தூங்குவாள். தோல் அலை மாதிரி போய்ப் போய் வரும், அந்தத் தாளத்திலேயே கண் சொருகும். வயிறு இறுகிய பிறகு ஒரு மாதம் தூங்க அடம் பிடித்தாள்.

மார்ச் 16

டிஎஸ்எச் நார்மல் என்று எழுதியிருக்கிறீர்கள். இரும்புச்சத்து, சர்க்கரை எல்லாமே சரியாக இருக்கிறது, "அப்ப தப்பு என் மேலதான் அக்கா" என்று.

இதைப் படித்துவிட்டு மேலே போய் உங்கள் முதல் கேள்வியை மறுபடி படித்தேன். என் மேல் எனக்குக் கோபம் வந்தது. "குளிக்கும்போது விளக்கை அணைத்துவிட்டுத்தான் குளிக்கிறேன்." இந்த வரி அங்கேயே இருந்திருக்கிறது. இரண்டு மாதமாக நான் கிலோவும் விரலும் கலோரியும் பேசிக்கொண்டிருக்கிறேன், அந்த வரிக்குப் பதிலே சொல்லவில்லை. உங்கள் உடம்பில் என் தைராய்டைத் தேடிக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடுங்கள்.

இப்போது கேட்கிறேன், எடையை விட்டுவிடுங்கள். கடைசியாக எப்போது சிரித்தீர்கள்? குழந்தை தூங்கினால் உங்களுக்கும் தூக்கம் வருகிறதா? தப்பு என் மேல்தான் என்று எடையைப் பற்றி மட்டும்தான் நினைக்கிறீர்களா, எல்லாவற்றையும் பற்றியா?

1987-இல் காக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி என்று மூன்று பேர் புதுத் தாய்மாருக்காக ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள், எடின்பரோ அளவுகோல் என்பார்கள். தமிழிலும் இருக்கிறது. பத்தே கேள்வி, கடந்த ஏழு நாளைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து மூன்று மதிப்பெண். அதில் எடையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. முதல் கேள்வியே சிரிக்க முடிகிறதா என்பதுதான். காரணமில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொண்டீர்களா என்று மூன்றாவது. பதின்மூன்றோ அதற்கு மேலோ வந்தால் மன அழுத்த நோயாக இருக்க வாய்ப்பு அதிகம், பத்து வந்தாலே மருத்துவரிடம் காட்டவேண்டும். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "ஒருபோதும் இல்லை" தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட்டு மருத்துவரிடம் போகவேண்டும்.

பிரசவம் ஆன முதல் இரண்டு வாரத்தில் காரணமில்லாமல் அழுவது வேறு, அது தானே போய்விடும். இந்த மன அழுத்த நோய் முதல் வருஷத்தில் எந்த மாதத்திலும் ஆரம்பிக்கலாம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி குழந்தை பெற்ற பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை வருகிறது, பெரும்பாலும் மன அழுத்தம். சிகிச்சை இருக்கிறது, பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் இருக்கின்றன, பேசியே தேறியவர்களும் இருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்து, நம் பெண்களுக்கு "எனக்கு வாழப் பிடிக்கவில்லை" என்று சொல்ல வாய் வராது. "குண்டாகிட்டேன்" என்று சொல்லலாம், அதை யாரும் கேட்டுக்கொள்வார்கள், டயட்டும் சொல்வார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

மார்ச் 17, விடியற்காலை

பதினாறு வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தாவது கேள்விக்குப் பூஜ்ஜியம். எழுதியதற்கு நன்றி.

வீட்டில் யாரிடம் சொன்னால் கேட்பார்கள்? ஒரே ஒருவர் போதும். கணவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் அந்தத் தாளையே கையில் கொடுத்துவிடுங்கள். மருத்துவரிடமும் அதைக் கொண்டுபோங்கள், முதலில் அதை நீட்டுங்கள், எடையைப் பற்றி அப்புறம் பேசலாம். அவரும் நடங்கள், சாப்பாட்டைக் குறையுங்கள் என்றால் வேறு மருத்துவர்.

மார்ச் 29

போய் வந்தீர்கள் என்று தெரிந்து நிம்மதி. மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்று சொல்லியிருப்பார்கள், பத்தாம் நாள் ஒன்றும் தெரியவில்லையே என்று நிறுத்திவிட வேண்டாம்.

புகைப்படம் பற்றி ஒன்று. என் மகள் போன வாரம் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய முதல் வருஷம். அப்பா தூக்கி வைத்திருக்கிறார், தாத்தா மடி, பாட்டி மடி, சித்தி தோள். "அம்மா எங்க?" என்றாள். நான்தானடி எடுத்தேன் என்றேன். அவள் இன்னும் இரண்டு பக்கம் திருப்பிவிட்டு மறுபடியும் அதையே கேட்டாள். கடைசியில் ஒன்று கிடைத்தது. அவர் எனக்குத் தெரியாமல் எடுத்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பால் கொடுக்கிறேன், தலை கலைந்து, சட்டையில் பால் கறை, இரட்டை நாடி. அப்போது பார்த்துவிட்டு அழித்துவிடச் சொல்லிச் சண்டை போட்டேன், அவர் அழிக்கவில்லை. மகள் அந்தப் படத்தில் விரலை வைத்து இது நான், இது அம்மா என்று தடவித் தடவிக் காட்டினாள்.

யாரையாவது ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்க வேண்டாம். எடுத்து வைக்கட்டும்.

ஏப்ரல் 20

"நேத்து விளக்கு போட்டுக் குளிச்சேன் அக்கா" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மூன்று தடவை படித்துவிட்டேன். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்ததை வாங்கி வையுங்கள்.